கழுத்து ரத்தக்குழாய் வழியே மூளைக்குள் கருவி: அதற்காகக் காத்திருக்கலாமா?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “என் அப்பாவுக்கு 63 வயது. ஒன்பது ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். மாத்திரை போட்டால் இரண்டரை மணி நேரம் நன்றாக நடக்கிறார். பிறகு கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறார். மூளையில் மின்முனை பொருத்தும் டிபிஎஸ் சிகிச்சை செய்யலாம் என்கிறார் மருத்துவர். மண்டையோட்டைத் தொடாமல் கழுத்து ரத்தக்குழாய் வழியாகவே கருவி வைக்கும் முறை வந்துவிட்டது, இரண்டு வருடம் பொறுக்கலாம் என்கிறார் சித்தப்பா. எது சரி?”

அந்தக் கருவிக்காகக் காத்திருக்க வேண்டாம். சித்தப்பா படித்த செய்தி உண்மைதான். ஆனால் அது உங்கள் அப்பாவின் நோய்க்கான கருவி அல்ல.

அவர் சொல்வது ஸ்டென்ட்ரோடு என்னும் கருவியாக இருக்க வேண்டும். இதய அடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட் போன்ற வலைக்குழாய்தான் அது. அதன் மேல் 16 மின்முனைகள் பதித்திருக்கும். கழுத்துச் சிரை வழியாக ஏற்றி, மூளையின் உச்சியில் முன்பின்னாக ஓடும் பெரிய சிரைக்குள் நிறுத்துவார்கள். அங்கிருந்து வரும் கம்பி, மார்புத் தோலுக்கடியில் வைத்த சிறு பெட்டியில் சேரும். 2019இல் மெல்போர்னில் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தினார்கள். நரம்புச் சிதைவால் கை செயலிழந்தவர்கள், ‘அசைக்க வேண்டும்’ என்று நினைக்கும்போது எழும் மின் அலையை அது படிக்கிறது. அதைக் கொண்டு அவர்கள் கணினியை இயக்குகிறார்கள். எனக்கு இதில் பெரும் மகிழ்ச்சி உண்டு. பேச்சும் கையும் போனவருக்கு ஒரு சொல்லைத் தட்டச்சு செய்ய முடிவது சிறிய காரியமா?

ஆனால் அந்த வேலை படிப்பது. உங்கள் அப்பாவுக்கு வேண்டியது மின்சாரத்தால் மூளையைத் தூண்டுவது. சிரைக்குள்ளிருந்து தூண்டிப் பார்த்த ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. அது செம்மறியாடுகளில் நடந்தது. இடமும் வேறு. அந்தச் சிரை மூளையின் மேற்பரப்பில் இருக்கிறது. பார்க்கின்சன் நோயில் நாங்கள் குறிவைக்கும் நரம்புச் செல் முடிச்சு மூளையின் ஆழத்தில், மொச்சைக்கொட்டையை விடச் சிறியதாக ஒளிந்திருக்கிறது.

‘மண்டையைத் திறப்பது’ என்ற சொல்தான் குடும்பங்களை மிரட்டுகிறது. டிபிஎஸ்ஸில் மண்டையோட்டைப் பெயர்த்து எடுப்பதில்லை. பக்கத்துக்கு ஒன்றாக, சட்டைப் பித்தானை விடச் சற்றே பெரிய துளை. அதன் வழியே செல்லும் மின்முனைக் கம்பியின் தடிமன் ஒன்றேகால் மில்லிமீட்டர். 1987இல் பிரான்சின் கிரெனோபிளில் மருத்துவர் பெனாபித்தின் குழு தொடங்கிவைத்த முறை இது. அமெரிக்கா பார்க்கின்சன் நோய்க்கு 2002இல் அனுமதி தந்தது. சென்னைக்கும் இது அந்நியமல்ல. இந்த ஊரில் பிறந்து, இங்கேயே பணியாற்றிய மூளை அறுவை நிபுணர் டாக்டர் டி.எஸ். கனகா, 1970களிலேயே மூளைக்குள் நிலையான மின்முனைகளைப் பொருத்தியவர்.

அறுவைக் கூடத்தில் நடப்பதைச் சொல்கிறேன். பெரும்பாலும் நோயாளி விழித்திருப்பார். முடியிழை போன்ற நுண்முனை அரை மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டராக உள்ளே இறங்கும். மூளைச் செல்களின் மின்துடிப்பை ஒலிபெருக்கியில் கேட்போம். முதலில் வாணலியில் கடுகு இங்கொன்றும் அங்கொன்றுமாக வெடிப்பதுபோல. பிறகு சில இடங்களில் அமைதி. சரியான முடிச்சைத் தொட்டதும் தகரக் கொட்டகையில் அடைமழை கொட்டும் ஓசை. மின்சாரம் கொடுத்து மணிக்கட்டை மடக்கிப் பார்த்தால், அதுவரை பற்சக்கரம்போல் தடுக்கித் தடுக்கி மடங்கிய கை இளகுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கணத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். நூற்றில் ஓரிருவருக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்படலாம். தொற்று வந்து கருவியைக் கழற்ற நேர்வதும் உண்டு.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனையைக் கட்டாயம் கேளுங்கள். முந்தைய இரவோடு மாத்திரையை நிறுத்தி, காலையில் நடை, விறைப்பு, விரல் வேகம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுவார்கள். பிறகு லெவோடோபா என்ற பார்க்கின்சன் மருந்தைக் கொடுத்து மீண்டும் பார்ப்பார்கள். மூன்றில் ஒரு பங்காவது முன்னேற்றம் தெரிந்தால் நல்ல அறிகுறி. மாத்திரை எதைச் சரிசெய்கிறதோ, ஏறக்குறைய அதைத்தான் இந்தக் கருவியும் நாள் முழுக்கச் சரிசெய்யும். நடுக்கம் மட்டும் விதிவிலக்கு, மாத்திரைக்கு அடங்காத நடுக்கமும் இதற்கு அடங்கலாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மாத்திரையின் பலன் குறையும்போதுதான் அப்பாவின் கால் ஒட்டுகிறது. அது நம்பிக்கை தருகிறது. மாத்திரை வேலை செய்யும் நேரத்திலும் ஒட்டினால் கதை வேறு. தடுமாற்றம், மறதி, குழறும் பேச்சு ஆகியவற்றுக்கு இதை நம்பாதீர்கள். பேச்சு இன்னும் மங்கவும் கூடும். மறதி கூடிவிட்டால் அறுவைக்கான வாய்ப்பே கைநழுவிப் போகும். காத்திருக்க வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

மின்முனைக்கு மின்சாரம் தரும் பேட்டரி விஷயத்திலும் பேசித் தெளியுங்கள். சாதாரண வகை சில ஆண்டுகளில் தீரும். மாற்றச் சிறு அறுவை வேண்டும். சார்ஜ் செய்யும் வகை 15 ஆண்டுகள் வரை உழைக்கும். ஆனால் தவறாமல் சார்ஜ் போட வீட்டில் ஒருவர் வேண்டும். புதிய கருவிகள் சில, பொருத்திய மின்முனையாலேயே மூளை அலையைப் பதிவுசெய்து, அதற்கேற்ப மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கின்றன. அமெரிக்கா இதற்கு 2025இல் அனுமதி தந்தது. சித்தப்பாவுக்குப் புதுமைதான் வேண்டுமென்றால் இதைப் பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள். செலவு பல லட்சம். அடுத்த பேட்டரிக்கும் காப்பீடு உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். முதல் சில மாதங்கள் மின்அளவைச் சீராக்க அடிக்கடி போகவேண்டியிருக்கும் என்பதால், வீட்டிலிருந்து எளிதில் போய்வரும் இடமாகத் தேர்ந்தெடுங்கள்.

கருவி வைத்த பிறகு ஒன்றை மறக்கவே கூடாது. மூட்டுவலி, முதுகுவலி என்று தெருமுனை பிசியோதெரபி நிலையத்துக்குப் போனால் டயதர்மி என்ற வெப்ப சிகிச்சை கொடுப்பார்கள். டிபிஎஸ் வைத்தவருக்கு அது அறவே ஆகாது. மின்முனை சூடாகி மூளையைச் சுட்டுவிடும். கருவி அணைத்திருந்தாலும் இதே ஆபத்து உண்டு. கருவிக்கான அட்டையை அப்பாவின் சட்டைப்பையிலேயே வையுங்கள். எம்ஆர்ஐ எடுக்கும் முன்பும் அதைக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்த சந்திப்புக்குள், ஒரு நோட்டில் ஏழு நாட்களுக்கு மணிவாரியாகக் குறித்துவாருங்கள்: எப்போது மாத்திரை போட்டார், எப்போது நன்றாக நடந்தார், எப்போது கால் ஒட்டியது, எப்போது உடல் தானாக நெளிந்தது. அந்த நோட்டை மருத்துவரின் மேசையில் வைத்துப் பேச்சைத் தொடங்குங்கள்.