கந்தோரும் கதிரையும்

கேள்வி: எங்கள் கந்தோரைப் புதுப்பித்த பிறகு, கதிரை உயரம், ஏசி குளிர் என்று பெண் உத்தியோகத்தர்கள் முறைப்பாடு எழுதுகிறார்கள். மேசை, கதிரை எல்லாருக்கும் பொதுதானே? அதிலுமா ஆண், பெண் பார்ப்பது?
– வாசகர் ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: 'கந்தோர்' என்று எழுதியதற்கு முதலில் நன்றி. இப்போது வருகிற கடிதங்களில் எல்லாம் 'ஒபிஸ்'தான். நான் திருத்திக்கொண்டே இருக்கிறேன், இனியும் திருத்துவேன். கந்தோர் ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தவர்கள் அவர்கள். நம்முடைய கச்சேரியும், அதாவது மாவட்டச் செயலகமும், நெடுங்காலம் அந்தக் கோட்டைக்குள்தான் நடந்தது. கதிரை, மேசை, அலுமாரி மூன்றும் அதற்கும் முந்திய போர்த்துக்கேயச் சொற்கள். வந்த சொற்களை நாம் நம் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டோம். வந்த சாமான்களை யாருடைய உடம்புக்கு ஏற்றபடி மாற்றினோம்?

சரி, பொது என்கிறீர்கள். போன மாதம் ஒரு கந்தோருக்குப் போயிருந்தேன். வெளியே கச்சான் காற்று அனலாய் அடிக்கிறது. உள்ளே ஒரு தங்கச்சி சேலைக்கு மேல் சுவெட்டர் போட்டுக்கொண்டு கோப்பு எழுதுகிறார். கதிரையைப் பதித்தால் மேசை நெஞ்சுக்கு வருகிறது. உயர்த்தினால் கால் தொங்குகிறது. "கால் நிலத்துல முட்டாது சேர், பின்னேரமானா வீங்கிரும்" என்றார். காலுக்குக் கீழே ஏ4 தாள் வந்த வெற்றுப் பெட்டி. முந்தானை கதிரைச் சில்லில் சிக்கிக் கிழியாமல் இருக்க, அதை இடுப்பில் செருகி ஊசி குத்தியிருந்தார். இத்தனையையும் சமாளித்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறார். பக்கத்து மேசையில் ஓர் ஆண் உத்தியோகத்தர், அதே கதிரையில் சாய்ந்து சுகமாக இருக்கிறார். அவர் மேல் பிழை இல்லை. கதிரை அவர் அளவுக்கு வந்தது, அவ்வளவுதான்.

குளிருக்கும் இதே கதைதான். கட்டடங்களுக்குள் எவ்வளவு குளிர் வேண்டும் என்று கணக்குப் போடும் முறை 1960களில் உருவானது. 40 வயது, 70 கிலோ ஆண் ஒருவரின் உடல் எவ்வளவு வெப்பம் உண்டாக்கும் என்பதே அதற்கு அளவுகோல். 2015இல் மாஸ்ட்ரிக்ட் ஆய்வாளர்கள் இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பெண்களின் உடல் உண்டாக்கும் வெப்பத்தை அந்தக் கணக்கு 35 வீதம் வரை கூட்டிக் காட்டக்கூடும், அதனால் அறை அவர்களுக்குக் கூடக் குளிர்ந்துவிடும் என்று 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' இதழில் எழுதினார்கள். அளந்தது 16 இளம்பெண்களை மட்டும்தான், சிறிய ஆய்வு. ஆனால் நம் ஊர்ச் சுவெட்டர்களைப் பார்த்தவருக்கு அது புதினமாக இராது. மாஸ்ட்ரிக்ட் இருப்பதும் ஒல்லாந்தில். கந்தோரைத் தந்த நாடு, அதன் குறையையும் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டது.

எனக்கு உண்மையில் மனவருத்தம் எங்கே என்றால், இது நடப்பது மட்டக்களப்பில். தமிழரிலும் முஸ்லிம்களிலும் வீடு மகளுக்கு என்பது இங்கே பரம்பரை வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். குசினி கட்டும்போது மேசன் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, அவர் இடுப்புக்கு அளவு பார்த்துத்தான் அடுப்பு மேடை வைப்பார். அதை யாரும் சலுகை என்று சொன்னதில்லை. அதே பெண் காலையில் கந்தோருக்குப் போனால் மட்டும் அளவு கேட்க ஆளில்லை. கேட்டால் அதற்குப் பெயர் முறைப்பாடு.

ஏறி இறங்கும் மேசை, கால் பலகை, மேசையின் முன்பக்கம் கால்களுக்கு ஒரு மறைப்பு. இவற்றை விலைமனு கோரும்போதே எழுதிப் போடலாம். குட்டையான ஆண்களுக்கும் உதவும். உங்கள் கந்தோரில் தளபாடத்துக்கு விலைமனு எழுதிய குழுவில் எத்தனை பெண்கள் இருந்தார்கள்? ஏசி ரிமோட் யார் மேசையில் இருக்கிறது? இரண்டையும் விசாரித்து எழுதுங்கள். அந்தக் கடிதத்தை முழுதாகவே போடுகிறேன்.