விமான உடற்கூடும் அதன் உலோகங்களும்: கேள்வி பதில்

விமான உடற்கூட்டைப் பழுதுபார்ப்பதிலும் ஆய்வு செய்து சான்றளிப்பதிலும் என் பணிக்காலம் கழிந்தது. தகடு, சட்டகம், ரிவெட், அவற்றின் உலோகம் பற்றிக் கேளுங்கள். எஞ்சின் என் துறை அல்ல.

நித்யா, கோவை: ஐயா, நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. அட்டவணைப்படி 7075 அலுமினியம் 2024-ஐ விட மிகவும் வலிமையானது. பிறகு ஏன் உடற்கூட்டின் மேல்தகட்டுக்கு 2024-ஐப் போடுகிறார்கள்?

இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். அட்டவணை சொல்வது உண்மைதான். 7075, 2024 என்பவை அலுமினியக் கலவைகளின் எண்கள்; டி6, டி3 என்பவை பதப்படுத்திய நிலையின் குறிகள். 7075-டி6 ஏறத்தாழ 500 மெகாபாஸ்கல் தகைவு (ஓரலகுப் பரப்பில் விழும் விசை) வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். 2024-டி3 சுமார் 345 வரைதான். ஆனால் உடற்கூடு ஒரே இழுப்பில் அறுவதில்லை. ஒவ்வொரு பயணத்திலும் உள்ளே காற்றழுத்தம் ஏறி அது உப்புகிறது, தரையிறங்கும்போது தளர்கிறது. அதன் ஆயுளைத் தின்பது இந்த ஏற்ற இறக்கம்.

போயிங் 737-க்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆரம் 1.88 மீட்டர். மேல்தகட்டின் கனம் பல இடங்களில் 0.9 மில்லிமீட்டர்தான். உயரத்தில் பறக்கும்போது உள்ளுக்கும் வெளிக்கும் அழுத்த வேறுபாடு சுமார் 55 கிலோபாஸ்கல். அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கிக் கனத்தால் வகுத்தால் சுற்றுவாட்டுத் தகைவு 115 மெகாபாஸ்கல். சட்டகங்கள் ஏற்கும் பங்கைக் கழித்தால் இன்னும் குறையும். நீளவாட்டில் அதில் பாதி. 345 தாங்கும் தகட்டுக்கு இது ஒரு சுமையே அல்ல என்று தோன்றும். ஆனால் அந்தத் தகட்டில் ரிவெட்டுக்காகத் துளை போட்டிருக்கிறோம். துளை விளிம்பில் தகைவு இரண்டரை மடங்காகி 290-ஐத் தொடுகிறது. துளைகள் ஆயிரக்கணக்கில், பயணங்கள் பல்லாயிரம். எங்கோ ஓரிடத்தில் விரிசல் விழத்தான் செய்யும் என்று எடுத்துக்கொண்டே வடிவமைக்கிறார்கள்; அமெரிக்க விதிமுறையும் 1978 முதல் அப்படித்தான் கேட்கிறது. ஆகவே உலோகத்திடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: விரிசல் விழுந்தபின் அது எவ்வளவு மெதுவாக வளரும்? எவ்வளவு நீள விரிசலோடு தகடு சுமையைத் தாங்கி நிற்கும்? இந்த இரண்டிலும் 2024-டி3 முந்திக்கொள்கிறது.

7075-க்கும் இடம் உண்டு. இறக்கையின் மேற்புறம்போல அமுக்கத்துக்கு ஆளாகும் பகுதிகளில் அதன் வலிமை பயன்படும். ஆனால் டி6 நிலையில் தடிமன்வாட்டில் இழுவிசை நீடித்து, ஈரமும் சேர்ந்தால் விரிசல் விடும். அதைத் தவிர்க்க டி73 என்னும் பதப்படுத்தலில் பத்து, பதினைந்து விழுக்காடு வலிமையை மனமறிந்து விட்டுக்கொடுக்கிறார்கள்.

ரமேஷ், சென்னை: எஃகு அலுமினியத்தை விட வலிமையானது, விலையும் குறைவு. எஃகில் செய்தால் என்ன?

விறைப்பை, அதாவது வளையாமலும் நீளாமலும் நிற்கும் குணத்தை, அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள். எஃகு, டைட்டானியம், அலுமினியம் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே விடை வரும். அப்போது கனம்தான் முடிவு செய்கிறது. 0.9 மில்லிமீட்டர் அலுமினியத்தின் எடைக்கு எஃகில் 0.3 மில்லிமீட்டர் தகடுதான் கிடைக்கும். வளைவை எதிர்க்கும் திறன் கனத்தின் மும்மடியில் ஏறுவதால், ஒரே எடையில் அலுமினியத் தகடு ஏழெட்டு மடங்கு விறைப்பானது. அமுக்கம் வந்தால் எஃகுத் தகடு நசுங்கிச் சுருங்கிவிடும். சுமை ஓரிடத்தில் குவியும் சக்கரக் கால்களில் எஃகைத்தான் போடுகிறோம்.

பிரபு, ஈரோடு: கறுப்புப் பெட்டி செய்யும் உலோகத்திலேயே முழு விமானத்தையும் செய்தால் விபத்தில் யாரும் இறக்க மாட்டார்களே?

அந்தப் பெட்டியின் உறையும் எஃகு அல்லது டைட்டானியம்தான்; ரமேஷுக்குச் சொன்னதைப் படியுங்கள். அந்த உறையின் கனத்தில் முழு விமானத்தையும் செய்தால் அது தரையை விட்டு எழாது.

ஹரிஷ், சிங்கப்பூர்: பராமரிப்புக் கூடத்தில் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். தகட்டில் துளைக்கு இடம் குறிக்கப் பென்சிலைத் தொடக்கூடாது என்கிறார்கள். அவ்வளவு பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான், தம்பி. பென்சிலில் இருப்பது கிராஃபைட். அலுமினியத்தின் மேல் அது படிந்து ஈரமும் பட்டால் மின்வேதி அரிப்பு தொடங்கும். அதற்கென்று அனுமதித்த பேனாவால் மட்டும் குறியுங்கள்.

பென்சிலை விடக் கொடியது கூர்முனை. மேல்தகட்டை ஒளியில் சாய்த்துப் பார்த்தால் கண்ணாடிபோல மின்னும். அது தூய அலுமினியப் பூச்சு. இவ்வளவு மெல்லிய 2024 தகட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் அது தகட்டின் கனத்தில் சுமார் 5 விழுக்காடு. 0.9 மில்லிமீட்டரில் அது 0.045 மில்லிமீட்டர். உள்ளே செம்பு கலந்த உலோகம் அரிக்காமல் இருக்க இந்தப் பூச்சு தன்னை அரிக்கக் கொடுக்கிறது. இரண்டு தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இணைப்பில் பழைய அடைப்புப் பசையைச் சுரண்ட யாரோ கத்தியை எடுத்தால், அந்த ஒரே இழுப்பில் பூச்சு போய்விடும். நேர்கோட்டில் ஒரு கீறலும் விழும். அதன்மேல் வண்ணம் பூசிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு பயணத்திலும் அந்தக் கோடு இழுபடும். மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன சுரண்டியைத் தவிர எதையும் கையில் எடுக்காதீர்கள்.

செந்தில், மதுரை: காமெட் விமானங்கள் சதுர ஜன்னலால்தான் விழுந்தன என்பது உலகறிந்தது. அன்று முதல் வட்ட ஜன்னல் வந்தது. சரிதானே?

பாதி சரி. பிரிட்டனின் ஜெட் பயணிகள் விமானமான காமெட் 1952 மே 2-ஆம் தேதி பயணிகள் சேவையைத் தொடங்கியது. 1954 ஜனவரி 10-இல் ஒன்று எல்பா தீவருகே, ஏப்ரல் 8-இல் இன்னொன்று நேப்பிள்ஸ் அருகே கடலில் விழுந்தன. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் ஒரு முழு உடற்கூட்டை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி அழுத்தத்தை ஏற்றி இறக்கினார்கள். பறந்த பயணங்களையும் சேர்த்து 3,000 சுற்றுகளைச் சற்றுத் தாண்டியதும், அவசர வழித் திறப்பின் மூலையிலிருந்து அது கிழிந்தது. ஆனால் எல்பாவில் மீட்ட சிதைவில் விரிசல் தொடங்கியது பயணிகள் ஜன்னலில் அல்ல. கூரையில், திசைகாட்டும் வானொலி அலைவாங்கிக்காக வெட்டிய திறப்பின் மூலையில்.

செந்தில்: அதுவும் சதுரத் திறப்புதானே? மூலைதானே காரணம்?

மூலைகள் வளைவானவைதான், வளைவு போதவில்லை. அங்கே தகைவு, உலோகம் அறும் வலிமையில் 70 விழுக்காடு வரை போனது. கணக்கு அதைச் சரியாகக் காட்டவில்லை. அதனுடன் மெல்லிய தகடும், மூலையருகே போட்ட ரிவெட் துளைகளும் சேர்ந்தன.

பாலகுமார், யாழ்ப்பாணம்: எங்களுக்கும் சதுர ஜன்னல் என்றுதான் கற்பித்தார்கள். சோதனை செய்யாமலா பறக்க விட்டார்கள்?

சோதித்தார்கள். இந்த வரலாற்றில் எல்லோரும் படிக்க வேண்டிய பகுதி அதுதான். சோதனைக்கு எடுத்த உடற்கூட்டுப் பாகம் சுமார் 16,000 சுற்றுகள் தாங்கியது. ஆனால் அதே பாகத்தை முன்னதாக, வலிமையை மெய்ப்பிக்க, இயக்க அழுத்தத்தைப் போல் இரு மடங்குக்கு ஏற்றியிருந்தார்கள். அந்த மிகையழுத்தத்தில் மூலைகளின் உலோகம் சற்றே நிரந்தரமாக நீண்டது. அழுத்தம் இறங்கியபின் சுற்றியுள்ள தகடு அந்த இடத்தை அமுக்கிப் பிடித்தது. அமுக்கத்தில் இருக்கும் உலோகத்தில் விரிசல் எளிதில் விழாது. அதனால் சோதனைப் பாகம் நீண்ட ஆயுளைக் காட்டியது. அந்த அளவு மிகையழுத்தம் காணாத விமானங்களோ ஆயிரம் பயணங்களை ஒட்டியே அறுந்தன. இன்று ஒரே உடற்கூட்டில் வலிமைச் சோதனையை முடித்துவிட்டு அதிலேயே ஆயுள் சோதனையைத் தொடங்குவதில்லை.

செந்தில்: பிறகு ஏன் எல்லா விமானத்திலும் வட்ட ஜன்னல்?

வட்டம் அல்ல, பெரும்பாலும் மூலை நன்றாக வளைந்த நீள்வடிவம். வளைவு தேவை என்பதை நான் மறுக்கவில்லை. வளைவு மட்டும் போதும் என்பதைத்தான் மறுக்கிறேன். 1958-இல் அட்லாண்டிக்கைக் கடந்த காமெட் 4-இல் ஜன்னல் வடிவத்தோடு தகட்டின் கனத்தையும் கூட்டினார்கள்.

லதா, திருநெல்வேலி: பழைய விமானத்தில் ஏறப் பயமாக இருக்கிறது. வயதை எப்படித் தெரிந்துகொள்வது?

ஆண்டுகளை விட ஏறி இறங்கிய எண்ணிக்கைதான் கணக்கு. 1988 ஏப்ரல் 28-இல் ஹவாய்த் தீவுகளுக்கிடையே பறந்த அலோஹா நிறுவனத்தின் 737 ஒன்றுக்கு, 24,000 அடி உயரத்தில் முன்பகுதிக் கூரை ஐந்தரை மீட்டர் நீளத்துக்குப் பிய்ந்துகொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். விமானம் தரையிறங்கிவிட்டது. 19 வயதான அந்த விமானம் 89,680 முறை பறந்திருந்தது. எல்லாம் குறுகிய தூரம், உப்புக்காற்று. தகடுகளை ஒட்டியிருந்த பசை விட்டுப்போய் ஈரம் புகுந்தது. சுமை முழுவதும் ரிவெட்டுக்கு வந்தது. பல துளைகளில் விழுந்த சின்ன விரிசல்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. ஒரு விரிசலைத் தடுக்கும் அமைப்பு வரிசையாக வரும் விரிசல்களைத் தடுக்காது. அதன்பின் பழைய விமானங்களுக்கான ஆய்வு விதிகள் மிகவும் இறுகின. பராமரிப்பு ஒழுங்காக நடந்தால் வயதுக்காக நீங்கள் அஞ்ச வேண்டாம்.

கார்த்திக், ஓசூர்: டைட்டானியத்தில் முழு விமானம் செய்தால் என்ன?

எஃகு, கறுப்புப் பெட்டி, இப்போது டைட்டானியம். மேலே உள்ள பதில்களைப் படித்துவிட்டுக் கேட்குமாறு வேண்டுகிறேன். ஒலியைப் போல் மூன்று மடங்கு வேகத்தில் சூடேறும் எஸ்ஆர்-71 உளவு விமானத்துக்கு டைட்டானியம் தேவைப்பட்டது. ஒலியின் வேகத்தைக் கூட எட்டாத பயணிகள் விமானத்துக்கு முழுவதும் தேவையில்லை.

மீனா, பெங்களூரு: போயிங் 787-இல் பாதி எடை கார்பன் இழை என்கிறார்கள். உலோகத்தின் காலம் முடிந்ததா?

முடியவில்லை. அதிலும் ஐந்தில் ஒரு பங்கு அலுமினியம், 15 விழுக்காடு டைட்டானியம். ஹரிஷுக்குச் சொன்ன கிராஃபைட்டின் குணம் கார்பன் இழைக்கும் உண்டு. அலுமினியத்தைத் தொட்டால் அரிக்க வைக்கும். டைட்டானியம் அத்தனை போடப்பட்டதற்கு அது ஒரு காரணம். உலோகமும் அடங்கிவிடவில்லை: அலுமினியத்தில் எடையில் ஒரு விழுக்காடு லித்தியம் சேர்த்தால் அடர்த்தி 3 விழுக்காடு குறைந்து, விறைப்பு 6 விழுக்காடு ஏறும்.

வினோத், தஞ்சாவூர்: எஞ்சின் விசிறி அலகு எந்த உலோகம்?

எஞ்சின்காரரிடம் கேளுங்கள்.

அனிதா, சேலம்: ஜன்னலின் அடியில் ஊசி முனையளவு துளை இருக்கிறதே, ஆபத்தா?

இல்லை. அழுத்தத்தைத் தாங்குவது வெளிப்பலகை. நடுப்பலகையில் உள்ள அந்தத் துளை இரு பக்க அழுத்தத்தையும் சமப்படுத்தி, நடுப்பலகையை மாற்றுக்காகச் சுமையின்றி வைத்திருக்கிறது.

செந்தில்: அப்படியானால் காமெட்டில் ஜன்னல் கண்ணாடி உடையவில்லையா?

இல்லை. கிழிந்தது தகடு.

முருகன், தூத்துக்குடி: பாதரச வெப்பமானியை விமானத்தில் ஏற்றக்கூடாதாமே?

கையோடு எடுத்துச் செல்லக் கூடாது; பதிவுப் பெட்டியில், பாதுகாப்பு உறையிலுள்ள சிறிய மருத்துவ வெப்பமானிக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அலுமினியத்தைக் காப்பது அதன்மேல் தானாகப் படியும் ஆக்சைடு படலம். அதில் ஒரு கீறல் இருந்து அங்கே ஒரு சொட்டுப் பாதரசம் விழுந்தால், அடியிலுள்ள உலோகத்தோடு கலந்து படலம் மறுபடி படிய விடாமல் தின்றுகொண்டே போகும். சிந்திவிட்டால் துடைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். உடனே பராமரிப்புப் பிரிவுக்குச் சொல்லி, தளப்பலகையைக் கழற்றி அடிவரை பார்க்கச் சொல்லுங்கள்.