மண்டபம் நண்டு ஷெட்: தொட்டியில் கேஸ் பாதியானது பற்றி

ப்ளீச்சிங் போட்டுக் கழுவிய தண்ணீர் காற்றில்லாத் தொட்டிக்குள் (நுண்ணுயிர்கள் கழிவுநீரைச் செரித்து மீத்தேன் கேஸ் தரும் தொட்டி) போனதிலிருந்து கேஸ் பாதி, அந்த நுண்ணுயிர்கள் ஒட்டித் திரண்ட கசடு உருண்டைகளும் உடைந்து வெளியே வருகின்றன என்கிறீர்கள். அண்ணே, முதலில் அந்தத் தண்ணீரைத் தனியாகத் திருப்புங்கள். கடல்தண்ணீரிலா கழுவுகிறீர்கள்? அதில் லிட்டருக்குச் சுமார் 10.8 கிராம் சோடியம். 8 கிராம் தாண்டினாலே, பழகாத மீத்தேன் நுண்ணுயிர்கள் முடங்கிவிடும்.

பாக்டீரியாக்கள் ஏஹெச்எல் போன்ற சமிக்ஞை மூலக்கூறுகளில் ‘பேசி’ப் பசை சுரந்து உருண்டையாக ஒட்டுவதுண்டு. ப்ளீச்சிங் போன்ற நஞ்சு லேசாகப் பட்டால் பசை கூடுவதும் உண்டு. அளவு மீறினால் கூட்டமே கலைந்துவிடும். அதற்காக ‘சமிக்ஞை மருந்து’ என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள், அதெல்லாம் இப்போதைக்கு ஆய்வகத்தோடு சரி. சுண்ணாம்பையும் அள்ளிக் கொட்ட வேண்டாம், காரம் ஏறினால் ஏஹெச்எல் சிதையும். பிஹெச் (அமில-கார அளவு) 7 பக்கம் நிற்கட்டும். தொட்டிக்குள் விடும் கழிவுநீரைக் கால்வாசியாக்கி, நன்றாக ஓடும் தொட்டியிலிருந்து கசடு வாங்கிப் போடுங்கள். நுண்ணுயிர்கள் பழகும்படி உப்பை வாரக்கணக்கில் மெல்ல ஏற்றுங்கள்.