இங்கிலாந்தின் சின்னக் கால்பந்து கிளப்புகள் எப்படிப் பிழைக்கின்றன? ரசிகர்கள் இருந்தும் சில ஏன் மூடப்படுகின்றன?

ரசிகர்கள் வராததால் கிளப் மூடப்பட்டது என்ற பேச்சு பெரும்பாலும் உண்மையில்லை. கூட்டம் வந்துகொண்டிருக்கும்போதே, அணி வென்றுகொண்டிருக்கும்போதே இழுத்து மூடப்பட்ட கிளப் உண்டு. வருமானத்தை மீறிச் சம்பளம் கொடுப்பது முதல் காரணம். கிளப்பும் அது ஆடுகிற மைதானமும் ஒரே ஆளின் கைக்குள் போய்விடுவது இரண்டாவது. முதலாவதில் விழுந்து எழுந்த கிளப்புகள் பல. இரண்டாவதில் சிக்கியவை எழுந்து நிற்க ஆண்டுக்கணக்காகிறது. அதனால் மைதானம் யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

வேலை நிமித்தமாக மான்செஸ்டருக்கு வடக்கே பெரி என்ற ஊரில் சில வருடங்கள் குடியிருந்தேன். மான்செஸ்டர் யுனைடெட், மான்செஸ்டர் சிட்டி ஆட்டங்களுக்கு டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. பெரி எஃப்.சி. ஆடிய கிக் லேன் மைதானத்திலோ வாசலில் பணம் கொடுத்து உள்ளே போய்விடலாம். பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் என்னை முதலில் கூட்டிப்போனார். அவர் அப்பா உட்கார்ந்த இருக்கைக்கு அடுத்த இருக்கை அவருடையது. இடைவேளைக் குலுக்கலுக்கு வாளியோடு ஒரு பெண் வரிசை வரிசையாக வருவார். விற்ற சீட்டுப் பணத்தில் பாதி பரிசு, பாதி கிளப்புக்கு. பெரியவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் சீட்டு வாங்குவார். ஒருமுறை பரிசு விழுந்தது. அந்த வாளியைத் திரும்பக் கூப்பிட்டு, வாங்கிய நோட்டுகளை அப்படியே அதில் போட்டுவிட்டு ஆட்டத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். பக்கத்தில் யாரும் அதை அதிசயமாகப் பார்க்கவில்லை. இப்படிப்பட்டவர்களை நம்பித்தான் இந்தக் கிளப்புகள் ஓடுகின்றன.

இனி வரவு செலவுக்கு வருகிறேன். மூன்றாம் பிரிவான லீக் ஒன், நான்காம் பிரிவான லீக் டூ ஆகியவற்றில் தலா 24 அணிகள். சொந்த மைதானத்தில் ஆண்டுக்கு 23 லீக் ஆட்டங்கள். இந்த 23 நாள் வசூலைப் பெரிதாக நம்பித்தான் பன்னிரண்டு மாதச் சம்பளம், மின்கட்டணம், புல்தரைப் பராமரிப்பு, வெளியூர் ஆட்டத்துக்கு பஸ் வாடகை எல்லாம். ஜனவரியில் தரை உறைந்து ஓர் ஆட்டம் தள்ளிப்போனால் அந்த வாரம் கையில் ரொக்கம் இல்லை. சனிக்கிழமை ஆட்டம் செவ்வாய் இரவுக்கு மாறினால் குழந்தைகளோடு வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள். பிரீமியர் லீகில் கடைசி இடத்தில் முடிக்கும் கிளப்புக்கே ஒரு பருவத்தில் 10 கோடி பவுண்டுக்கு மேல் கிடைக்கிறது. கீழே இருப்பவர்களுக்கு அதிலிருந்து வருவது சிந்தியதுதான். பிரீமியர் லீகுக்குக் கீழுள்ள மூன்று பிரிவுகளைக் கொண்ட கால்பந்து லீகுக்கு வரும் பொதுப் பணத்திலும் 80 சதவீதம் இரண்டாம் பிரிவுக்கு, 12 சதவீதம் மூன்றாம் பிரிவுக்கு, 8 சதவீதம் நான்காம் பிரிவுக்கு என்பதுதான் வழக்கமான பங்கீடு.

சின்னக் கிளப்புகளைக் காப்பாற்றும் ஒரு பழைய ஏற்பாடு பலருக்குத் தெரியாது. சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் கால்பந்து ஆட்டங்கள் நேரடியாக ஒளிபரப்பப்படுவதில்லை. 1960களில் பர்ன்லி கிளப்பின் தலைவர் பாப் லார்டு வற்புறுத்தி வந்த ஏற்பாடு இது. பெரிய அணிகளின் ஆட்டம் வீட்டிலேயே தெரிந்தால் ஊர் மைதானத்துக்கு யார் வருவார்கள் என்பதுதான் அவர் கவலை. மூன்று மணி ஆட்டத்தை இந்தியாவில் உட்கார்ந்து பார்க்கலாம், மான்செஸ்டரில் பார்க்க முடியாது என்று ரசிகர்கள் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அந்தத் தடையை எடுக்கக் கூடாது என்ற பக்கம்தான் நான்.

பிழைக்க மற்ற இரண்டு வழிகள், தாங்களே வளர்த்தெடுத்த இளம் வீரரைப் பெரிய கிளப்புக்கு விற்பதும் கோப்பைப் போட்டியில் பெரிய அணியோடு மோத வாய்ப்பு விழுவதும். இரண்டுக்கும் எக்ஸெட்டர் சிட்டி நல்ல உதாரணம். 2003இல் அந்தக் கிளப் கடனில் மூழ்கி லீகிலிருந்தும் கீழே இறங்கியது. ரசிகர்களின் அறக்கட்டளை அதை எடுத்துக்கொண்டது. 2005 ஜனவரியில், ஐந்தாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த அந்த அணி, எல்லாப் பிரிவு அணிகளும் மோதும் எஃப்.ஏ. கோப்பையில் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்துக்குப் போய் மான்செஸ்டர் யுனைடெட்டோடு 0-0 என்று டிரா செய்தது. ரொனால்டோவை இடையில் இறக்கியும் கோல் விழவில்லை. அதனால் எக்ஸெட்டரில் ஒரு மறு ஆட்டம். அதில் ரொனால்டோவும் ரூனியும் கோல் அடித்து வென்றார்கள் என்பது வேறு விஷயம். கோப்பை ஆட்ட வசூலில் இரு கிளப்புகளுக்கும் பங்கு உண்டு. நிரம்பிய ஓல்ட் டிராஃபோர்டின் பங்கும் மறு ஆட்டப் பணமும் சேர்ந்துதான் கடனின் பெரும்பகுதியைத் தீர்த்தன. 2024-25 பருவத்திலிருந்து எஃப்.ஏ. கோப்பையின் முதல் சுற்று தொடங்கி மறு ஆட்டமே கிடையாது என்று ஆக்கிவிட்டார்கள். பெரிய அணிகளின் ஆட்ட அட்டவணை நெரிசலாம். இன்னொரு எக்ஸெட்டர் பிழைக்கும் வழியை அடைத்துவிட்டுத்தான் அந்த நெரிசலைக் குறைத்திருக்கிறார்கள். இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

ஐரோப்பிய நாடுகளின் கோப்பையான யூரோவின் 2024 அரையிறுதியில் இங்கிலாந்துக்காக நெதர்லாந்துக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் கோல் அடித்த ஒல்லி வாட்கின்ஸ் அதே எக்ஸெட்டரில் வளர்ந்தவர். 2017இல் பிரென்ட்ஃபோர்டுக்கு விற்றபோது, அடுத்த விற்பனையிலும் தங்களுக்கு ஒரு பங்கு வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். 2020இல் ஆஸ்டன் வில்லா அவரைப் பெருந்தொகைக்கு வாங்கியபோது அந்தப் பங்கு வந்து சேர்ந்தது. கொரோனாவால் மைதானங்கள் பூட்டிக் கிடந்த வருடம் அது.

இவ்வளவு வழி இருந்தும் ஏன் மூழ்குகிறார்கள்? ஒரு பிரிவு மேலே ஏறினால் வருமானம் கூடும் என்ற நம்பிக்கையில் இன்று இல்லாத பணத்தைச் சம்பளமாகக் கொடுத்துவிடுகிறார்கள். பக்கத்து ஊர் கிளப் கொடுத்தால் நாமும் கொடுத்தாக வேண்டும். வருமானத்தில் இத்தனை சதவீதம்தான் சம்பளம் என்று கீழ்ப் பிரிவுகளுக்கு விதி இருந்தது. ஆனால் முதலாளி தன் பையிலிருந்து போடும் பணத்தையும் வருமானமாகவே கணக்கில் எடுத்தார்கள். அவர் போடுவதை நிறுத்தினால் ஒப்பந்தங்கள் மட்டும் மிஞ்சும். 2020 ஆகஸ்டில் லீக் ஒன்னுக்கு 25 லட்சம் பவுண்டு, லீக் டூவுக்கு 15 லட்சம் பவுண்டு என்று சம்பள உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். வீரர்கள் சங்கம் எதிர்த்து வென்றதால் 2021 பிப்ரவரியில் அதுவும் போயிற்று.

பெரியின் கதை இங்கேதான் வருகிறது. 1885இல் தொடங்கிய கிளப். 1900இலும் 1903இலும் எஃப்.ஏ. கோப்பை வென்றது. 1903 இறுதி ஆட்டத்தில் டெர்பி கவுண்டியை 6-0 என்று வென்றது. 116 ஆண்டுகள் தனியாக நின்ற அந்தச் சாதனையை 2019 மே மாதம் மான்செஸ்டர் சிட்டி சமன் செய்தது. மூன்றே மாதத்தில் பெரி லீகிலேயே இல்லை.

2013 முதல் கிளப்பை வைத்திருந்த ஸ்டூவர்ட் டே கட்டுமானத் தொழிலதிபர். அவர் காலத்தில் செலவு வருமானத்தைத் தாண்டி ஓடியது. மைதானத்தின் மேல் அடமானக் கடன் ஏறியது. 2018 டிசம்பரில் ஸ்டீவ் டேல் என்பவருக்கு ஒரு பவுண்டுக்குக் கிளப் கைமாறியது. பெரி என்று ஒரு கால்பந்து அணி இருப்பதே தனக்கு முன்பு தெரியாது என்று பிறகு வானொலிப் பேட்டியில் அவரே சொன்னார். 2019 வசந்தகாலத்தில் வீரர்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வரவில்லை. அந்த நிலையிலும் ரயன் லோ பயிற்சியில் ஆடி, ஏப்ரல் 30 அன்று டிரான்மியர் அணியின் மைதானத்தில் டிரா செய்து, லீக் ஒன்னுக்கு ஏறிவிட்டார்கள். சம்பளமில்லாமல் ஜெயித்த அந்த அணியைப் பற்றி பெரியவரிடம் கேட்டால் இன்றும் ஒவ்வொரு பெயராகச் சொல்வார்.

கோடையில் கடன் கொடுத்தவர்களோடு ஒப்பந்தம் நடந்தது. இதில் உள்ள அநியாயம் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. கிளப் நொடித்தால் வீரர்களுக்கும் மற்ற கிளப்புகளுக்கும் உள்ள பாக்கி முழுதாகக் கொடுக்கப்பட வேண்டும் என்பது லீக் விதி. வரித்துறை, அச்சகம், சாப்பாடு போட்டவர் போன்றவர்களுக்கு அப்போது பவுண்டுக்குச் சில பென்னிதான். பெரியில் அது 25 பென்னி என்று முடிவானது. ஊருக்கு உழைத்தவன் கடைசி வரிசையில் நிற்கிறான்.

இவ்வளவுக்குப் பிறகும் கிளப்பை நடத்தப் பணம் இருக்கிறது என்பதற்கு லீக் ஆதாரம் கேட்டது, வரவில்லை. ஆட்டங்கள் ஒவ்வொன்றாக நிறுத்தி வைக்கப்பட்டன. கிளப்பின் முன்னாள் இயக்குநரும் முன்னாள் வீரர் லெஸ் ஹார்ட்டின் மகளுமான ஒரு பெண்மணி மைதானச் சுவரின் குழாயில் தன்னை விலங்கிட்டுக்கொண்டார். வாங்க வந்த நிறுவனம் கடைசி நாளில் விலகியது. அந்த ஆகஸ்ட் 27 அன்று காலை, வார இறுதியில் ஆட்டம் நடந்துவிடும் என்ற நம்பிக்கையில் நூற்றுக்கணக்கானவர்கள் துடைப்பமும் துணியுமாக வந்து இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இரவில் நீக்க அறிவிப்பு வந்தது. 125 ஆண்டு லீக் உறுப்பினர் பதவி முடிந்தது. பூட்டிய கேட்டில் கழுத்துத்துணிகளைக் கட்டிவிட்டுப் போனார்கள். நானும் போய்ப் பார்த்தேன். பெரியவர் வரவில்லை.

அதன்பின் நடந்ததுதான் மைதானத்தைப் பற்றி நான் சொல்வதற்கு ஆதாரம். ரசிகர்களில் ஒரு பகுதியினர் பெரி ஏ.எஃப்.சி. என்று புதிய கிளப் தொடங்கி, பக்கத்து ராட்கிளிஃப் மைதானத்தை வாடகைக்கு எடுத்து 2020இல் அடிமட்ட லீகில் ஆடத் தொடங்கினார்கள். இன்னொரு பகுதியினர் கிக் லேனை மீட்டால்தான் பெரி என்று நின்றார்கள். பெரியவர் ராட்கிளிஃப் பக்கம் போகமாட்டேன் என்றார். அவர் மகன் தவறாமல் போனார். ஞாயிறு மதிய உணவில் கால்பந்துப் பேச்சை எடுக்கக் கூடாது என்று வீட்டம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். 2022 பிப்ரவரியில் அரசின் சமூக உடைமை நிதியிலிருந்து 10 லட்சம் பவுண்டும் ரசிகர்களின் பணமும் சேர்ந்து கிக் லேன் வாங்கப்பட்டது. இரண்டு தரப்பும் இணைய அந்த அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பில் ஒரு தரப்பில் போதிய பெரும்பான்மை கிடைக்காததால் இணைப்பு நடக்கவில்லை. 2023இல் மறுபடி வாக்களித்து இணைந்தார்கள். பெரி எஃப்.சி. கிக் லேனுக்குத் திரும்பியது. ஒன்பதாம் நிலை லீக் ஆட்டத்துக்குச் சராசரியாக மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். அந்த நிலையில் சில நூறு பேர் வந்தாலே பெரிய விஷயம்.

டார்லிங்டன் இதற்கு நேர் எதிர். ஊர் நடுவே இருந்த ஃபீதம்ஸ் மைதானத்தை விட்டுவிட்டு, முதலாளி ஜார்ஜ் ரெனால்ட்ஸ் 2003இல் ஊருக்கு வெளியே 25,000 இருக்கைகளோடு அரங்கம் கட்டினார். வந்தவர்கள் சில ஆயிரம் பேர். அதே ஆண்டு முடிவதற்குள் கிளப் நொடித்தது. பின்னாளில் அந்த அரங்கம் ரக்பி கிளப்புக்குப் போயிற்று.

விம்பிள்டன் கதையும் மைதானத்தில்தான் தொடங்குகிறது. லண்டனைச் சேர்ந்த அந்தக் கிளப் 1991இல் தன் பிளவ் லேன் மைதானத்தை விட்டு வெளியேறியது. 2002இல் கிளப்பை மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்கு மாற்றிக்கொள்ள அனுமதி கிடைத்தது. ரசிகர்கள் அதே கோடையில் பொதுப்புல்வெளியில் வீரர் தேர்வு வைத்து ஏ.எஃப்.சி. விம்பிள்டனைத் தொடங்கினார்கள். ஒன்பது ஆண்டில், 2011இல், லீகுக்குள் நுழைந்தார்கள். பிளவ் லேனில் சொந்த மைதானம் கட்டக் கடன்பத்திரம் வெளியிட்டு, ரசிகர்களே லட்சக்கணக்கான பவுண்டு போட்டார்கள். 2020 நவம்பரில் ஊர் திரும்பிய முதல் ஆட்டத்துக்குக் கொரோனாத் தடையால் அவர்களில் ஒருவர்கூட உள்ளே போக முடியவில்லை.

பெரியின் சாவுக்குப் பிறகு அரசு கண் விழித்தது. அன்றைய நாடாளுமன்ற உறுப்பினர் டிரேசி கிரவுச் தலைமையில் கால்பந்து நிர்வாகத்தைப் பற்றி நடந்த ஆய்வு 2021 நவம்பரில் வெளியானது. 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறி, தனியான ஒழுங்குமுறை அமைப்பு வந்துவிட்டது. கிளப்பை நடத்த உரிமம் வேண்டும். வாங்க வருகிறவரின் பணமும் பின்னணியும் சோதிக்கப்படும். மைதானத்தை இஷ்டத்துக்கு விற்க முடியாது. நல்ல சட்டம், முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் அது மேலே உள்ள ஐந்து பிரிவுகளுக்கு மட்டுமே. பெரி 2025இல் தன் லீகை வென்று எட்டாம் நிலைக்கு ஏறியது. அந்தச் சட்டம் அதைக் காக்க வேண்டுமானால் அங்கிருந்து இன்னும் மூன்று நிலைகள் ஏற வேண்டும். அதுவரை அந்த மைதானத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியது ஊர்க்காரர்களே.