வாசகர் கேள்வி – பதில்: நண்டு வளையும் மண்வெட்டிக் காம்பும்

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். சம்பாவுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவன், எங்கள் வயல் தண்ணீர் பக்கத்து வயலில் இறங்குவதைப் பார்த்ததும் அவர்கள்தான் வரப்பை வெட்டிவிட்டார்கள் என்று அந்த வீட்டுப் பையனை மண்வெட்டிக் காம்பால் அடித்துவிட்டான். விடிந்து பார்த்தால் வரப்பில் நண்டு வளை. பள்ளியிலும் "முறைச்சான்" என்று இரண்டு தடவை சண்டை. ஊரில் ரவுடி என்கிறார்கள். உணர்வு நுண்ணறிவு குறைந்தவர்கள் குற்றவாளி ஆவார்கள் என்று படித்தேன். உண்மையா? — வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: அப்படி நேர்க்கோடு போட முடியாது, அம்மா. உணர்வு நுண்ணறிவு என்பதை 1990-இல் பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் வரையறுத்தார்கள். அது ஒரே திறன் அல்ல. முகம் பார்த்து உணர்ச்சியை அறிவது ஒன்று, அது ஏன் வந்தது என்று புரிந்துகொள்வது வேறொன்று, வந்ததை அடக்கி நடத்துவது இன்னொன்று. பிறர் நிலையைப் புரிந்துகொள்ளும் திறன் குற்றம் செய்தவர்களிடம் குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டின. ஆனால் 2004-இல் ஜோலிஃப், ஃபாரிங்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது, அறிவுத்திறனையும் குடும்ப வசதியையும் கணக்கில் எடுத்தால் அந்தத் தொடர்பு பெருமளவு தேய்ந்துபோனது.

உங்கள் மகனின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. காரணம் தெரியாத எதையும் "வேணும்னே செஞ்சான்" என்று அவன் மனம் முடிவு கட்டிவிடுகிறது. முரட்டுத்தனம் உள்ள பிள்ளைகளிடம் இந்தச் சாய்வு அதிகம் என்று உளவியலாளர் கென்னத் டாட்ஜ் 1980-இலேயே காட்டினார். "முறைச்சான்" என்பதும் இதுதான். வெயிலில் கண் சுருக்கியவன்கூட முறைத்தவனாகத் தெரிவான். நல்ல வேளையாக, இது பழக்கத்தால் மாறக்கூடியது.

முதலில் உடம்பு. கோபம் வரும்போது அவனுக்கு எது முதலில் தெரிகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்: காது சூடாகிறதா, தாடை இறுகுகிறதா, விரல் மடங்குகிறதா? அந்த அடையாளம் தெரிந்த நொடியில் கையில் உள்ளதைக் கீழே போட்டுவிட்டுப் பத்தடி தள்ளிப் போக வேண்டும். 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும் வரை விட வேண்டும். இப்படிப் பத்து முறை. கோபம் இல்லாத நாளில் தினமும் ஐந்து நிமிடம் பழகினால்தான் சண்டை நேரத்தில் இது கைகொடுக்கும். பெரும்பாலான வீடுகளில் தவறுவது இங்கேதான். கொதிக்கும்போது "மூச்சை இழுத்து விடுடா" என்றால் அதுவும் இன்னொரு திட்டாகவே அவன் காதில் விழும்.

அடுத்தது, ஆறிய பிறகு. அன்றே விசாரிக்காதீர்கள். மறுநாள் சாப்பிட்டு முடித்ததும், "ஏன் அடிச்சே?" என்று தொடங்காமல், "தண்ணி அங்க போனதுக்கு வேற என்னென்ன காரணம் இருக்கலாம்?" என்று கேளுங்கள். மூன்று காரணம் அவன் வாயால் வர வேண்டும்: நண்டு வளை, எலி வளை, மடை சரியாக அடைபடாதது. வாரம் இரண்டு சம்பவம் போதும். தலையணையைக் குத்தினால் கோபம் தணியும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கோபம் மூட்டியவனை நினைத்துக் குத்துவது கோபத்தை வளர்ப்பதாக 2002-இல் உளவியலாளர் பிராட் புஷ்மன் செய்த சோதனை காட்டியது. நீங்கள் அவனை அடிப்பதும் அதே பாடத்தைத்தான் கற்றுக்கொடுக்கும்.

அடிபட்ட பையனின் வீட்டுக்கு அவனோடு நீங்களும் போய்விட்டு வாருங்கள். "ரவுடி" என்ற பெயர் வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். பதின்பருவத்தில் மட்டும் தவறு செய்து பிறகு நிறுத்திவிடுபவர்களே பெரும்பான்மை. இதை 1993-இல் உளவியலாளர் டெர்ரி மொஃபிட் விளக்கினார். சிறுவயது முதலே விலங்குகளைத் துன்புறுத்துவது, திருடுவது, யார் அழுதாலும் அசையாமல் இருப்பது எல்லாம் சேர்ந்திருந்தால் காத்திருக்காமல் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் இலவசமாகப் பேசலாம். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: 18 வயது நிறையாதவரைக் காவல் நிலைய லாக்கப்பில் வைக்கக் கூடாது என்பது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம்.

கேள்வி: எங்கள் தெருவில் சீட்டுப் பிடித்தவர், யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் கஷ்டம் என்று பார்த்துப் பார்த்துப் பேசிப் பணம் வாங்கி ஓடிவிட்டார். அவருக்கு உணர்வு நுண்ணறிவு இல்லையா? — வாசகர், கும்பகோணம்

பதில்: ஒரு பாதி நிறையவே இருக்கிறது. அடுத்தவர் மனதைப் படிக்கத் தெரிவது வேறு, அவர் வலி தனக்கும் வலிப்பது வேறு. மோசடிக்காரருக்கு முதலாவது போதும். எனவே கனிவான பேச்சைப் பார்த்து ஆளை எடைபோடாதீர்கள். அந்தச் சீட்டு, பதிவுத் துறையின் சீட்டுப் பதிவாளரிடம் பதிவானதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி: மாணவர்களுக்கு உணர்வு நுண்ணறிவுத் தேர்வு வைத்து, வழி தவறிப்போகக் கூடியவர்களை முன்கூட்டியே பிரிக்கலாமா? — ஆசிரியர், மன்னார்குடி

பதில்: வேண்டாம், சார். வினாத்தாளில் பிள்ளை தன்னைப் பற்றித் தானே நல்லபடியாக எழுதிவிடுவான்; குறைந்த மதிப்பெண் வாங்கியவன் மீது முத்திரை விழுந்துவிடும். அதைவிட, அடிக்கடி விடுப்பு எடுப்பவன் யார், பட்டப்பெயர் சொல்லிக் கேலிக்கு ஆளாகிறவன் யார் என்று கவனித்து, அந்த இருவரோடும் வாரம் பத்து நிமிடம் தனியாகப் பேசுங்கள்.