நம் நகரங்களில் பெண்களுக்குச் சிலைகள் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கின்றன?

இந்தக் கேள்வியைக் கேட்டவர், ஆண் தலைவர்களுக்கு ஈடாகப் பெண்கள் பொதுவாழ்வில் பணியாற்றாததுதான் காரணமா என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். இல்லை என்பதே என் பதில். ஒருவர் ஆற்றிய பணியை அளந்து பார்த்து நம் ஊர்களில் சிலை எழுவதில்லை. சிலை வேண்டுமென்று மனுக் கொடுக்கவும், நிதி திரட்டவும், ஆண்டுதோறும் பிறந்த நாளுக்கும் நினைவு நாளுக்கும் ஏணியில் ஏறி மாலை போடவும் ஆள் இருக்கிறவர்களுக்கே சிலை எழுகிறது. கட்சியோ, சமூகச் சங்கமோ, வசதியுள்ள குடும்பமோ பின்னால் நிற்காதவருக்குப் பீடம் கிடைப்பது அரிது. பொதுவாழ்வுக்கு வந்த பெண்களில் பெரும்பாலோர் அப்படிக் கேட்பாரில்லாமல் போனவர்கள். நான் ஈரோட்டில் பள்ளியாசிரியையாக இருப்பவள். எனக்கு நன்கு தெரிந்த கொங்கு நாட்டை வைத்தே இதை விளக்க முயல்கிறேன்.

ஈரோட்டிலிருந்தே தொடங்கலாம். 1921ஆம் ஆண்டில் இங்கே கள்ளுக்கடை மறியல் நடந்தபோது, ஆண்கள் கைதாகிச் சிறைக்குப் போன பிறகு அந்த மறியலைத் தொடர்ந்து நடத்தியவர்கள் பெரியாரின் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும். மறியலை நிறுத்திவிட்டுப் பேச்சு வார்த்தைக்கு வரலாமே என்று காந்தியடிகளிடம் சொல்லப்பட்டபோது, அது தம் கையில் இல்லை என்றும் ஈரோட்டில் இருக்கும் இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்றும் அவர் கூறியதாக இன்றுவரை மேடைகளில் சொல்லப்படுகிறது. 1924இல் வைக்கம் போராட்டத்துக்கும் நாகம்மையார் சென்றார். பெண்களைத் திரட்டிக்கொண்டு களத்தில் நின்றார். 1933 மே 11ஆம் நாள் அவர் மறைந்தார். அதே ஆண்டின் இறுதியில் 'குடி அரசு' இதழில் வந்த ஒரு தலையங்கத்துக்காகப் பெரியார்மீது அரசு வழக்குத் தொடுத்தபோது, இதழின் வெளியீட்டாளர் என்ற முறையில் கண்ணம்மாளும் குற்றவாளிக் கூண்டில் நின்று சிறைக்குச் சென்றார். வீட்டுக்குள் இருந்துகொண்டு துணை நின்றவர்கள் என்று இவர்களைச் சொல்லிவிட முடியுமா? பன்னீர்செல்வம் பூங்காவில் பெரியார் நிற்கிறார், நிற்க வேண்டியவர்தான். ஆனால் எந்த ஊரின் தெருக்களில் அந்த இரண்டு பெண்களும் மறியல் செய்தார்களோ, அந்த ஊரின் சாலைச் சந்திப்பு ஒன்றில்கூட அவர்களுடைய உருவத்தை நான் கண்டதில்லை.

ஈரோட்டிலிருந்து சற்றுத் தொலைவில் காவிரிக் கரையில் இருக்கிறது கொடுமுடி. அங்கே எளிய குடும்பத்தில் பிறந்து 'கொடுமுடி கோகிலம்' என்று பெயர் பெற்றவர் கே.பி. சுந்தராம்பாள். 1935இல் நந்தனாராக ஆண் வேடமேற்றுத் திரையில் நடித்ததற்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றவர் அவர். அந்தக் காலத்தில் ஒரு பெண் கலைஞருக்கு அத்தனை பெரிய தொகை கொடுப்பதை நினைத்துப் பார்க்கக்கூட யாரும் துணிந்திருக்க மாட்டார்கள். கணவர் கிட்டப்பா 1933இல் இளம் வயதிலேயே மறைந்தபின் வெள்ளைச் சேலைக்கு மாறிய அவர், கதர்ப் பிரசார மேடைகளிலும் காங்கிரஸ் மேடைகளிலும் பாடிப் பாடியே கூட்டத்தைக் கட்டிப்போட்டார்; பின்னாளில் சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார். ஔவையார் என்றதும் தமிழர் பலருக்கு இன்றும் நினைவுக்கு வருவது 1953இல் திரையில் தோன்றிய சுந்தராம்பாளின் முகமும் குரலும்தான்.

கோவைக்கு வந்தால் பார்வதி கிருஷ்ணன் இருக்கிறார். திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தில், முதல்வராக இருந்த ப. சுப்பராயனுக்கும், 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற ராதாபாய் சுப்பராயனுக்கும் மகளாகப் பிறந்தவர். அந்த வசதியையெல்லாம் விட்டுவிட்டுப் பஞ்சாலைத் தொழிலாளர்களோடு நின்றவர். 1957, 1974, 1977 என மூன்று முறை கோவை மக்கள் அவரை மக்களவைக்கு அனுப்பினார்கள். 2014இல் கோவையிலேயே காலமானார். மில் சங்கு ஊதும் நேரத்தைக் கொண்டே பொழுதை அறிந்த நகரம் இது. அந்த மில் வாசல்களில் நின்று பேசிய பெண்ணின் உருவம் அவிநாசி சாலையிலோ திருச்சி சாலையிலோ என் கண்ணில் பட்டதில்லை. மனையியல் கல்வியை இந்தியாவில் ஒரு துறையாக வளர்த்தெடுத்த ராஜம்மாள் தேவதாஸ், நூறு வயதைக் கடந்தும் காட்டில் இறங்கி வேலை செய்து 2021இல் பத்மஸ்ரீ பெற்ற தேக்கம்பட்டி பாப்பம்மாள் என்று இந்த வரிசையை இன்னும் நீட்டலாம். இவர்களுடைய பணிக்குக் குறையேதும் சொல்ல முடியாது.

அப்படியானால் என்ன குறைந்தது? ஒரு சிலையின் ஆண்டு வாழ்க்கையைக் கவனித்தால் விடை கிடைக்கும். பீடத்தின் பக்கவாட்டில் இரும்பு ஏணி நிரந்தரமாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். குறிப்பிட்ட நாளில் காலையிலேயே சுண்ணாம்புக் கோடு போட்டு, பந்தல் கட்டி, ஒலிபெருக்கி வைத்து, அணி அணியாக வந்து மாலை போடுவார்கள். எந்த அணி முதலில் போடுவது என்பதில் தள்ளுமுள்ளும் உண்டு. மறுநாள் காய்ந்த நாரும் சரிகையும் மட்டும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். யாராவது சேதப்படுத்தினால் ஊரே பற்றியெரியும் என்று அஞ்சிப் பல சிலைகளைச் சுற்றிக் கம்பிக் கூண்டு அமைத்திருக்கிறார்கள்; தேர்தல் அறிவித்துவிட்டால் துணியைப் போட்டு மூடியும் விடுகிறார்கள். ஒரு சிலை என்பது ஓர் அமைப்பு தன் பலத்தை ஊருக்குக் காட்டும் இடம் என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது. ஓடாநிலையில் தீரன் சின்னமலைக்கு ஒவ்வோர் ஆடிப் பதினெட்டுக்கும் திரளும் கூட்டத்தையும், அங்கே வரிசையில் நிற்கும் கட்சிக் கார்களையும் பார்த்தவர்களுக்கு இது புரியும். 2016க்குப் பிறகு ஜெயலலிதாவுக்குப் பல ஊர்களில் சிலைகள் எழுந்தன; ஒரு பெரிய கட்சி பின்னால் இருந்தால் பெண்ணுக்கும் பீடம் கிடைக்கும் என்பதற்கு அதுவே சான்று.

இங்கே சிலர் மறுப்புச் சொல்வார்கள்: கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் அம்மன்தானே ஆள்கிறாள், பெண்ணுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்? நானும் அம்மனைக் கும்பிடுகிறவள்தான்; ஆனாலும் இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனைமலை மாசாணியம்மனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்றதற்காக நன்னன் என்ற மன்னன் ஒரு பெண்ணைக் கொன்றான். அவளே மாசாணி என்பது இப்பக்கத்து வழக்கு. குறுந்தொகையில் பரணரும் 'பெண்கொலை புரிந்த நன்னன்' என்று அவனைக் குறிக்கிறார். கோயிலில் அவள் மயானத்தில் கிடப்பதைப் போல மல்லாந்து படுத்த நிலையில் நெடிய உருவமாக இருக்கிறாள். நீதி கிடைக்காத பெண்கள் வந்து, ஆட்டுக்கல்லில் மிளகாய் அரைத்து, நீதிக்கல்லில் பூசிவிட்டுப் போகிறார்கள். நெஞ்சை உலுக்கும் வழிபாடு அது. ஆனால் அந்தப் பாட்டிலோ கதையிலோ கொலைசெய்த மன்னனுக்குப் பெயர் இருக்கிறது, கொல்லப்பட்ட பெண்ணுக்கு இயற்பெயர் இல்லை. இறந்தபின் தெய்வமாக்குவதும், கணவனோடு உடன்கட்டை ஏறியவளுக்கு வீரமாத்தி என்று கல் நடுவதும், உயிரோடு இருந்து பேசி, எழுதி, சிறை சென்ற ஒரு பெண்ணைப் பெயர் சொல்லி நினைப்பதற்கு ஈடாகா.

இது நமக்கு மட்டும் உரிய பழக்கமும் இல்லை. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் கதைகளில் வரும் பெண்களுக்கு உருவங்கள் இருந்தன. உண்மையில் வாழ்ந்த பெண்களுக்கு முதல் சிலை 2020 ஆகஸ்டில்தான் எழுந்தது. லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் ஆண்களுக்கு நடுவே பெண்ணாக முதலில் மில்லிசென்ட் ஃபாசெட் 2018இல் இடம்பெற்றார். நம் சென்னைக் கடற்கரையில் 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைக்கப்பட்ட பத்துச் சிலைகளில் பெண்கள் இருவர், ஔவையும் கண்ணகியும். கண்ணகி சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டதும் எழுந்த கொந்தளிப்பும், 2006இல் அது மீண்டும் நிறுவப்பட்டதும் நினைவிருக்கும். காப்பியத் தலைவிக்காக அவ்வளவு பேர் வழக்காடியது எனக்கு மகிழ்ச்சியே. அதே கடற்கரையில் 1959 முதல் இருக்கும் உழைப்பாளர் சிலையில் பாறையைப் புரட்டும் நால்வருமே ஆண்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஷிப்டு முடிந்து வெளியேறும் கூட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உறுத்தாமல் இருக்காது.

பெண்களின் பெயரை அரசு அறவே மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. மகப்பேறு உதவிக்கு முத்துலட்சுமி ரெட்டியின் பெயர், மாணவியரின் உயர்கல்வி உதவிக்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயர், விதவைத் தாயின் மகளுடைய திருமண உதவிக்கு மணியம்மையாரின் பெயர். நல்ல திட்டங்கள், பொருத்தமான பெயர்கள். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் பெயராக மட்டும் இருக்கும் பெண்ணுக்கு முகம் இல்லை. வகுப்பில் ஒருநாள், பள்ளிக்கு வரும் வழியில் பார்க்கும் சிலைகளை எழுதச் சொன்னேன். எழுதி முடித்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நிமிர்ந்து, "ஏனுங் டீச்சர், நம்மூருப் பொம்பளைங்க யாருக்குமே செல வெக்கலீங்ளா?" என்று கேட்டாள். அவளுக்கு அன்று நாகம்மையாரைப் பற்றிச் சொன்னேன். எந்த இடத்தில் போய்ப் பார்க்கலாம் என்று அவள் அடுத்துக் கேட்டதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

இப்போது இன்னொரு தடையும் சேர்ந்திருக்கிறது. பொதுச் சாலைகளிலும் நடைபாதைகளிலும் புதிய சிலைகளுக்கு அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டது; சாலையோரச் சிலைகளை அகற்றித் தலைவர்கள் பூங்கா அமைத்து அங்கே வைக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2021 அக்டோபரில் கூறியது. போக்குவரத்தை நினைத்தால் இந்த உத்தரவுகள் நியாயமானவையே. ஆயினும், நல்ல சந்திப்புகளையெல்லாம் ஆண்கள் பிடித்துக்கொண்ட பிறகு கதவு சாத்தப்பட்டிருக்கிறது என்பதும் உண்மை. எனவே இனிப் பெண்களுக்குச் சிலை கேட்பவர்கள் நாற்சந்தியைக் கேட்டுப் பயனில்லை; பூங்கா, நூலகம், கல்லூரி, அரசு மருத்துவமனை வளாகம் என்று கேட்க வேண்டும். 2010 செம்மொழி மாநாட்டின்போது அறிவிக்கப்பட்டு 2025 நவம்பரில் கோவை காந்திபுரத்தில் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்காவைவிடப் பார்வதி கிருஷ்ணனுக்கும் ராஜம்மாள் தேவதாஸுக்கும் பொருத்தமான இடம் வேறு எது? கொடுமுடியில் சுந்தராம்பாளுக்குக் காவிரிக் கரையே போதும்.

கேட்பதற்கு ஆளும் இப்போது இருக்கிறார்கள். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் தமிழ்நாட்டில் சட்டமானது. 2022 தேர்தலில் கோவை, ஈரோடு, கரூர் மூன்று மாநகராட்சிகளுக்கும் பெண்களே மேயரானார்கள். வார்டுக்கு வார்டு மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன. மாதச் சந்தா பிரித்துக் கணக்கு வைக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு சிலைக்கு நிதி திரட்டவும் ஆண்டுக்கொரு நாள் கூடவும் தெரியாதா? கேள்வி கேட்டவர் எந்த ஊர்க்காரரானாலும், தம் வார்டு உறுப்பினரிடம் ஒரு பெயரையும் ஓர் இடத்தையும் குறிப்பிட்டு எழுத்து மூலமாகக் கேட்டு, அதை மன்றக் கூட்டத்தில் தீர்மானமாக வைக்கச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஈரோட்டில் நாகம்மையாரையும் கண்ணம்மாளையும் ஒரே பீடத்தில் சேர்த்து வைக்க வேண்டும் என்று அப்படியொரு மனுவை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். மாலை போடும் நாளாக மே 11ஐக் குறிப்பிட்டிருக்கிறேன்.