மிஞ்சும் காற்று மின்சாரத்தை வாயுவாக்கினால் நெரிசல் தீருமா? வாசகர் கேள்வி – பதில்

வடஜெர்மனியில் காற்று பலமாக வீசும் நாட்களில், மின்தடத்தில் இடமில்லாததால் (இதைத்தான் நெரிசல் என்கிறோம்) காற்றாலைகளை நிறுத்திவிடுகிறார்கள் என்றும், அந்த மின்சாரத்தை ஹைட்ரஜனாகவோ மீத்தேனாகவோ மாற்றும் முயற்சி நடக்கிறது என்றும் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: வடக்கே காற்றாலையை நிறுத்திவிட்டு, அதே நேரத்தில் தெற்கே எரிவாயு எரித்து மின்சாரம் எடுப்பார்களா? நம்ப முடியவில்லையே. – வாசகர், திருச்சி

நடப்பது அதுதான். காற்றாலைகளில் பெரும்பங்கு ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன், லோயர் சாக்சனி, வடகடல் பக்கம் இருக்கிறது. மின்சாரத்தை விழுங்கும் தொழிற்சாலைகளில் பல தெற்கே பவேரியாவிலும் பாடன்-வுர்ட்டம்பெர்க்கிலும் இருக்கின்றன. ஆனால் மின்சந்தையில் ஜெர்மனி முழுவதும் ஒரே விலை மண்டலம். நடுவில் கம்பி எவ்வளவு தாங்கும் என்பதைப் பார்க்காமலே வியாபாரம் முடிந்துவிடும்.

அதன்பிறகுதான் மின்தட நிறுவனங்கள் கணக்குப் போடும். ஏதாவது ஒரு லைன் டிரிப் ஆனாலும் மற்ற லைன்கள் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும் என்பது விதி. தாங்காது என்று தெரிந்தால் நெரிசலுக்கு வடக்கே உற்பத்தியைக் குறைத்து, தெற்கே அதே அளவு உற்பத்தியைக் கூட்டச் சொல்வார்கள். இதற்கு ரீடிஸ்பேட்ச் என்று பெயர். நிறுத்தியவருக்கு இழப்பீடு, ஓட்டியவருக்கு எரிபொருள் செலவு, இரண்டும் நுகர்வோர் கட்டணத்தில் ஏறுகின்றன. 2023இல் இப்படி வீணான புதுப்பிக்கத்தக்க மின்சாரம் சுமார் 1000 கோடி யூனிட்.

நிரந்தரத் தீர்வு புதிய லைன்தான். வடக்கே ப்ருன்ஸ்பியூட்டல், வில்ஸ்டர் பகுதியிலிருந்து தெற்கே செல்லும் சூட்லிங்க் என்ற நேர்மின்னோட்ட (டி.சி.) கேபிள் ஏறத்தாழ 700 கி.மீ. நீளம், 4 ஜிகாவாட் திறன். 2022இல் முடிந்திருக்க வேண்டியது 2028க்குத் தள்ளிப்போயிருக்கிறது.

கேள்வி: ஒரு மெகாவாட் மின்சாரத்தை ஒரு மணி நேரம் கொடுத்தால் கையில் என்ன கிடைக்கும்? – வாசகர், மதுரை

1000 யூனிட் உள்ளே போனால் எலக்ட்ரோலைசரிலிருந்து, அதாவது மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கும் இயந்திரத்திலிருந்து, சுமார் 18 கிலோ ஹைட்ரஜன் வரும். ஒரு கிலோவுக்கு 52 முதல் 55 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஹைட்ரஜனில் உள்ள எரிசக்தி ஏறக்குறைய 600 யூனிட். மீதி பெரும்பாலும் 60–80 டிகிரி வெந்நீராக வெளியேறுகிறது. பக்கத்தில் வெப்ப வினியோகக் குழாய் இருந்தால் அதையும் விற்கலாம்.

மீத்தேனாக்கினால் இன்னொரு படி இறங்கும். 18 கிலோ ஹைட்ரஜனுக்கு 100 கிலோ கரியமில வாயு தேவை. கிடைப்பது 36 கிலோ மீத்தேன், அதாவது 500 யூனிட். அதை நல்ல கூட்டுச்சுழற்சி நிலையத்தில் (டர்பைனின் கழிவு வெப்பத்திலும் மின்சாரம் எடுக்கும் நிலையம்) எரித்துத் திரும்ப மின்சாரமாக்கினால் 280–300 யூனிட் மிஞ்சும். ஆயிரத்தில் முந்நூறு! அதனால் இதைப் பேட்டரிக்கு மாற்றாக யாரும் முன்வைக்கக் கூடாது. பேட்டரியில் 85 சதவீதத்துக்கு மேல் திரும்பி வரும். ஆனால் நாலைந்து நாள் விடாமல் காற்று வீசினால் பேட்டரி முதல் நாளே நிரம்பிவிடும். ஜெர்மனியின் நிலத்தடி எரிவாயுக் கிடங்குகளோ 200 டெராவாட் மணிக்கும் (20,000 கோடி யூனிட்) மேல் கொள்பவை. வாயுவுக்கு இருக்கும் பலம் இந்தக் கொள்ளளவுதான்.

கேள்வி: ஹைட்ரஜன் தேவைப்படும் ஆலைகள் தெற்கேயும் இருக்கின்றன. எலக்ட்ரோலைசரை அங்கேயே வைத்தால் போக்குவரத்துச் செலவு மிச்சம்தானே? – வாசகர், சென்னை

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். கூடாது. நெரிசலுக்குத் தெற்கே வைத்த எலக்ட்ரோலைசர் நெரிசலைக் கூட்டும்.

வடக்கே காற்று பலமாக வீசும்போது சந்தை விலை சரிகிறது. ஒரே விலை மண்டலம் என்பதால் மியூனிக்கிலும் அதே மலிவு விலை. அங்குள்ள எலக்ட்ரோலைசர் விலையைப் பார்த்து முழு லோடில் ஓடத் தொடங்கும். அதற்கான மின்சாரம் ஏற்கெனவே நிரம்பி வழியும் லைன் வழியாக வர முடியாது. எனவே தெற்கே ஓர் எரிவாயு நிலையத்தைக் கூடுதலாக ஓட்டி அதற்குக் கொடுப்பார்கள். எரிவாயுவை எரித்து, அந்த மின்சாரத்தில் ஹைட்ரஜன் எடுப்பதாக முடியும். கணக்குப் புத்தகத்தில் மட்டும் அது காற்றாலை ஹைட்ரஜன்.

அதே இயந்திரத்தை நெரிசலுக்கு வடக்கே, நிரம்பும் துணைமின் நிலையத்துக்குப் பின்னால் வைத்தால், அது இழுக்கும் ஒவ்வொரு மெகாவாட்டும் லைனில் சுமையைக் குறைக்கும். ஹைட்ரஜன் குழாயில் தெற்கே போகட்டும். 2024 அக்டோபரில் அனுமதி பெற்ற 9,040 கி.மீ. ஹைட்ரஜன் மையக் குழாய்த் தொகுப்பில் சுமார் 60 சதவீதம் பழைய எரிவாயுக் குழாய்களை மாற்றியமைப்பதுதான். புதிதாகக் கம்பி இழுப்பதை விட, கிடக்கும் குழாயைப் பயன்படுத்துவது எளிது. ஜெர்மனியின் எரிசக்தித் தொழில் சட்டத்தின் 13கே பிரிவும் இந்தத் திசையில்தான் போகிறது. நெரிசல் பகுதிக்குள் புதிதாகச் சுமை ஏற்றுபவருக்கு, நிறுத்தவிருந்த மின்சாரத்தைக் கொடுக்கலாம் என்கிறது அது.

கேள்வி: காற்று ஏறி இறங்குவதற்கு ஏற்ப இயந்திரத்தை ஓட்டினால் பழுதாகாதா? – வாசகர், சேலம்

எந்த வகை என்பதைப் பொறுத்தது. பழைய, விலை குறைந்த ஆல்கலைன் வகையில் 25–30 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் 70–90 டிகிரியில் சுழலும். லோடு ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே போனால் சிக்கல். நடுவே உள்ள தடுப்பு வழியாக ஆக்சிஜன் பக்கம் கசியும் ஹைட்ரஜனின் அளவு பெரிதாக மாறாது, ஆக்சிஜன் உற்பத்தி மட்டும் குறைந்துவிடும். கலவையில் ஹைட்ரஜனின் விகிதம் ஏறிக்கொண்டே போகும். 4 சதவீதத்தில் வெடிக்கும் என்பதால் 2 சதவீதத்திலேயே டிரிப் வைத்திருப்பார்கள். இந்த அளவைக் காட்டும் கருவியை அளவீடு சரிபார்க்காமல் விடுவது பெரும் ஆபத்து. அடிக்கடி முழுவதும் நிறுத்தினால் செல்களில் எதிர்மின்னோட்டம் பாய்ந்து நிக்கல் மின்முனைகள் அரிக்கும். அதனால் காற்று இல்லாத மணிகளிலும் சூடு ஆறாமல், சிறு மின்னோட்டம் கொடுத்துக் காத்திருக்க வைப்பார்கள். அந்தச் செலவைத் திட்ட அறிக்கைகளில் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சவ்வு வகை, அதாவது பெம், சில விநாடிகளில் லோடை ஏற்றி இறக்கும். 2015இல் மைன்ஸ் நகரில் 6 மெகாவாட் உச்சத் திறனோடு தொடங்கிய ஆலை இந்த வகை. இதன் பலவீனம் தண்ணீர். இரும்பு, கால்சியம் அயனிகள் சிறிதளவு கலந்தாலும் சவ்வில் போய் ஒட்டிக்கொள்ளும், செல் மின்னழுத்தம் மெல்ல ஏறும், பிறகு இறங்காது. சுத்திகரிப்புப் பிசினை மாற்றும் நாளைத் தள்ளிப்போட்டு, விலையுயர்ந்த இரிடியம் பூசிய செல்களைக் கெடுப்பது தவிர்க்கக்கூடிய நஷ்டம்.

கேள்வி: ஹைட்ரஜனை அப்படியே எரிவாயுக் குழாயில் கலந்துவிட்டால் போதாதா? – வாசகர், ஈரோடு

கொஞ்சம் கலக்கலாம். ஃபால்கன்ஹாகனில் 2013இலேயே 2 மெகாவாட் ஆலை வைத்து, மணிக்கு 360 கன மீட்டர் வரை தயாரித்துக் குழாயில் செலுத்தினார்கள். ஆனால் ஒரு கன மீட்டர் ஹைட்ரஜனில் இருக்கும் சக்தி, மீத்தேனில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கன அளவில் 10 சதவீதம் கலந்தாலும் சக்தியில் 3 சதவீதம்தான். குழாயின் போக்கில் அடுத்து சி.என்.ஜி. பங்க் இருந்தால், வண்டிகளின் எஃகு சிலிண்டரை முன்னிட்டு வரம்பு 2 சதவீதமாகிவிடும். கோடை இரவில் குழாயில் ஓட்டமே குறைவாக இருக்கும்போது, அந்த 2 சதவீதம் எவ்வளவு சொற்பம் என்று பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் மீத்தேன்தானே நல்லது? – வாசகர், தஞ்சாவூர்

குழாய்க்கு நல்லது, பணப்பைக்கு அல்ல. பிரெஞ்சு வேதியியலாளர் பால் சபாட்டியே கண்டறிந்த வினையில் நிக்கல் வினையூக்கி மீது, 250–400 டிகிரியில், நான்கு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு கரியமில வாயுவும் சேர்கின்றன. வினை பெரும் வெப்பத்தை உமிழும். குளிர்விப்பு பிந்தினால் ஓரிடத்தில் மட்டும் சூடு எகிறி, நிக்கல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செயலிழக்கும். கரியமில வாயுவில் கந்தகம் இருந்தால் அது வினையூக்கிக்கு நஞ்சாகும். 2013இல் வெர்ல்டேயில் ஆடி கார் நிறுவனம் தொடங்கிய 6 மெகாவாட் ஆலை, பக்கத்து உயிரி எரிவாயு ஆலையின் கரியமில வாயுவைப் பயன்படுத்தியது. அத்தகைய இடங்களில் ஹைட்ரஜன் சல்பைடை நீக்கும் கட்டத்தில் கஞ்சத்தனம் கூடாது. வினைகலம் லோடு ஏறி இறங்குவதை விரும்பாது என்பதால், முன்னால் சில மணி நேரத்துக்கான ஹைட்ரஜன் தொட்டியும் வேண்டும்.

எங்கள் கருத்தில் வரிசை இதுதான்: அருகில் வெப்பத் தேவை இருந்தால் முதலில் மின் கொதிகலன், அடுத்து ஹைட்ரஜன், மீத்தேன் கடைசி.

கேள்வி: மிஞ்சும் மின்சாரம் இலவசம் என்றால் வாயுவும் மலிவாகத்தானே வர வேண்டும்? – வாசகர், கோவை

மின்சாரம் இலவசமானாலும் இயந்திரம் இலவசமல்ல. கணக்குக்காக, ஒரு மெகாவாட் ஆலைக்கு நிறுவும் செலவோடு 20 லட்சம் யூரோ என்றும், ஆண்டுச் சுமை அதில் பத்தில் ஒன்று என்றும் கொள்வோம். ஆண்டுக்கு 1000 மணி ஓடினால் 18,000 கிலோ, முதலீட்டுச் செலவு மட்டுமே கிலோவுக்கு 11 யூரோ. 4000 மணி ஓடினால் 3 யூரோவுக்கும் கீழ். மிஞ்சும் மணிகளை மட்டும் நம்பி ஆலை வைக்க முடியாது. காற்று மின்சாரத்தை ஒப்பந்தத்தில் வாங்கி, நெரிசல் மணிகளில் லோடை உயர்த்தும் ஏற்பாடுதான் நிற்கும்.

கேள்வி: எங்கள் பகுதியிலும் சீசனில் காற்றாலைகளை ‘பேக் டவுன்’ செய்யச் சொல்கிறார்கள். இங்கே எலக்ட்ரோலைசர் பயன்படுமா? – காற்றாலை உரிமையாளர், ஆரல்வாய்மொழி

முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். உங்களை நிறுத்தச் சொன்ன தேதி, நேரத்தை எழுதி வைத்து, அதே நேரத்தில் உடுமலை, தேனிப் பக்கக் காற்றாலைகளையும் நிறுத்தினார்களா என்று விசாரியுங்கள். எல்லாரையும் நிறுத்தியிருந்தால் மாநிலத்தின் மொத்தத் தேவை குறைவு என்பதே காரணமாக இருக்கலாம். அப்போது கூடுதல் சுமை எங்கிருந்தாலும் உதவும். உங்கள் துணைமின் நிலையத்துக்கு மட்டும் என்றால் லைனோ டிரான்ஸ்பார்மரோ நிரம்பியிருக்கிறது. அதே துணைமின் நிலையத்தில் இணையும் சுமைதான் பலன் தரும். காற்று மே முதல் செப்டம்பர் வரை குவிவதால், மேலே சொன்ன மணிக் கணக்கு உங்களுக்கு இன்னும் கடுமை. மீத்தேனை மறந்துவிடுங்கள். ஒரு டன் அம்மோனியாவுக்கு 177 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். தூத்துக்குடி பக்கம் உரம், ரசாயனத் தொழில் இருப்பதால், நிலையாக வாங்குபவரோடு எழுத்து ஒப்பந்தம் கிடைத்த பிறகே இயந்திரத்துக்கு விலை கேளுங்கள்.

கேள்வி: தண்ணீர் எவ்வளவு செலவாகும்? – வாசகர், ராமநாதபுரம்

வேதியியல் கணக்கில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர். சுத்திகரிப்பில் கழியும் நீரையும் சேர்த்தால் 15 லிட்டர் வரை பிடிக்கும். குளிர்விப்புக் கோபுரம் வைத்தால் ஆவியாகும் நீர் தனி. தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள ஊரில் காற்றால் குளிர்விக்கும் ஏற்பாட்டைக் கேட்டு வாங்குங்கள்.